டிஃப்ராக் போடுவதற்கு முன்

2006 ஓகஸ்டில், தெற்கில் இருந்து வரும் தரைவழியான ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்துக்குப் புது ஹாட் டிஸ்க் ஒன்று வந்து சேருவது பெரும்பாடாகிவிட்டது. அரிசி, மா, சீனி எல்லாமே கப்பலுக்குக் காத்திருந்த காலம். கணினிச் சாமானுக்கு யார் இடம் தரப்போகிறார்கள்? கொழும்பு விலைக்கும் இங்கே கைக்கு வரும் விலைக்கும் சம்பந்தமே இருக்காது. இருக்கிற டிஸ்க்கை வைத்துத்தான் வேலை ஓடவேண்டும். கணினி திருத்தும் தொழிலுக்கு நான் வந்தது அந்த நேரத்தில்தான். புதிதாக எதையும் மாட்ட முடியாத இடத்தில், பழையதை ஓடவைக்க எங்களிடம் இருந்தவற்றில் உண்மையாகவே பயன் தந்தது டிஃப்ராக், அதாவது டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒன்றுசேர்க்கும் வேலை. இன்றைக்கு அதன் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வராது. பல குடும்பங்களின் பிழைப்பு அந்த 40 ஜிகாபைட் டிஸ்க்குகளில்தான் ஓடியது.

அப்போது அதிகம் கூப்பிட்டவர்கள் கலியாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரர்கள். மினி டிவி கசெட்டில் எடுத்த ஒரு மணி நேரப் படத்தைக் கணினிக்குள் இறக்கினால் ஏறத்தாழ 13 ஜிகாபைட் பிடிக்கும். ஆகவே ஒரு கலியாணத்தை இறக்கி, வெட்டி ஒட்டி, டிவிடி எழுதி முடிந்ததும் அழித்துவிட்டு அடுத்ததை இறக்குவார்கள். நடுவே ஒரு சாமத்திய வீடு, ஒரு கோயில் திருவிழா, இவற்றுக்கு மேலே கணினி முழுக்கப் பாட்டு. சில மாதத்தில் வெற்றிடம் எல்லாம் சின்னச் சின்னத் துண்டாகிவிடும். புதிதாக இறக்கும் படம் அந்தத் துண்டுகளுக்குள் சிதறிப்போய் உட்காரும். கசெட் ஓடிக்கொண்டே இருக்கும், டிஸ்க்குக்காக நிற்காது. செக்கனுக்கு 3.6 மெகாபைட் தடையில்லாமல் எழுத முடியாவிட்டால் இடையிடையே ஃப்ரேம் விழுந்துவிடும். தாலி கட்டும் இடத்தில் படம் துள்ளினால் ஸ்டூடியோக்காரருக்கு விழும் பேச்சை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் இந்த வேலையில் எனக்குப் பிடிப்பு வந்தது. நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய இடம் வாசிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர ஏறத்தாழ 9 மில்லிசெக்கன். கூட்டினால் ஒரு துண்டுக்கு 13. ஆயிரம் துண்டாகக் கிடக்கும் கோப்பென்றால், வாசிக்கிற நேரம் போக 13 செக்கன் வெறும் அலைச்சலுக்கே போய்விடும். 1 ஜிகாபைட் கோப்பைச் செக்கனுக்கு 60 மெகாபைட் வேகத்தில் வாசிக்க 17 செக்கன் போதும் என்று வைத்துப் பாருங்கள், இழப்பு எவ்வளவு பெரிது என்று விளங்கும்.

ஆனால் அதே கோப்பு பதினாறு பெரிய துண்டாக மட்டும் கிடந்தால் இழப்பு கால் செக்கன்கூட இல்லை. விண்டோஸ் விஸ்டாவில் இருந்த டிஃப்ராக், 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளைத் தொடாமல் விட்டதன் நியாயம் இதுதான். அறிக்கையில் துண்டுகள் பூச்சியம் என்று வரும்வரை மறுபடி மறுபடி ஓட்டுகிறவர்கள் நேரத்தையும் டிஸ்க்கையும் தேய்க்கிறார்கள் என்றுதான் நான் சொல்லுவேன்.

மென்பொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விண்டோஸ் என்.டி. 4 இல் டிஃப்ராக் கருவியே இல்லை. கோப்பை நகர்த்தும் வசதியை உள்ளே வைத்துவிட்டுக் கருவியை வெளியாருக்கு விட்டிருந்தார்கள். விண்டோஸ் 2000 இலும் எக்ஸ்பியிலும் வந்தது எக்ஸிகியூட்டிவ் சொஃப்ட்வெயாரின் டிஸ்க்கீப்பரைச் சுருக்கிய வடிவம். அது வடிவாக வேலை செய்ய டிஸ்க்கில் 15 சதவீதமாவது வெற்றிடம் வேண்டும். இங்கே அதுதான் சிக்கல். எந்த வீட்டு டிஸ்க்கைத் திறந்தாலும் இரண்டு மூன்று சதவீதம் மிஞ்சியிருந்தால் பெரிய காரியம். ஆகவே டிஃப்ராக் போடுவதன் முதல் பாதி, வீட்டுக்காரரோடு இருந்து எதை அழிப்பது என்று பேசுவது. அந்தப் பேச்சு சில வேளை டிஃப்ராக்கை விடக் கூட நேரம் எடுக்கும். பாட்டை அழிக்கச் சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள், படத்தை அழிக்கச் சொன்னால் அம்மா விடமாட்டார்.

எனக்கு அந்தக் காலத்தில் கைகொடுத்தது ஜெ.கே. டிஃப்ராக். இலவசம். பென் டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம், நிறுவவும் தேவையில்லை. இணையம் எறும்பாய் ஊர்ந்த ஊரில் சின்ன மென்பொருளின் அருமை தெரியும். அது துண்டுகளைச் சேர்ப்பதோடு நிற்காது. அடைவுகளை முன்னுக்கும், அன்றாடக் கோப்புகளை அடுத்தும், பெரிய, அதிகம் தொடாத கோப்புகளைக் கடைசிக்கும் தள்ளிவிடும். டிஸ்க்கின் முன்பகுதியான வெளித்தடங்களில் வேகம் கூட என்பதால் அந்த ஒழுங்குக்குப் பலன் இருந்தது. எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கும்போது தொட முடியாத பேஜ் ஃபைலுக்கும் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) ரெஜிஸ்ட்ரிக்கும் (விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் பதிவேடு) சிஸ்இன்டர்னல்ஸின் பேஜ்டிஃப்ராக் இருந்தது. அதைப் போட்டுவிட்டு மறுபடி துவக்கினால், விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே வேலையை முடித்துவிடும்.

இவ்வளவும் டிஸ்க் நல்ல சுகத்தோடு இருந்தால். அதைப் பார்க்காமல் டிஃப்ராக் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போர் முடிந்து பாதை திறந்த பிறகு, கொக்குவில் பக்கத்து ஐயா ஒருவர் தன் கணினியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார்.

“தம்பி, மகன் லண்டனிலை இருந்து சொன்னவன், டிஃப்ராக் போட்டால் சரிவருமாம். ஒருக்காப் போட்டு விடுங்கோ.”

மின் இணைப்புக் கொடுத்ததுமே டிஸ்க்கில் இருந்து டிக், டிக் என்று சத்தம்.

“ஐயா, இதுக்குள்ளை என்ன கிடக்கு?”

“படங்கள்தான். எங்கடை அல்பம் எல்லாம் தொண்ணூற்றைஞ்சிலை போச்சுது. சொந்தக்காரரிட்டை இருந்ததுகளை ஸ்கான் பண்ணி அனுப்பினவை.”

“வேறை எங்கையும் கொப்பி இருக்கோ?”

“இல்லைத் தம்பி.”

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் இறங்கியவர்களிடம் அல்பம் மிஞ்சியது குறைவு. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்களின் பெட்டிக்குள் இருந்த பிரதிகள்தான் பிறகு ஸ்கானாகத் திரும்பி வந்தன. அந்தப் படங்கள் கிடந்த டிஸ்க்கில், பழுதாகி மாற்றப்பட்ட செக்டர் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதி) எண்ணிக்கையும், வாசிக்க முடியாமல் நிலுவையில் நின்ற செக்டர் எண்ணிக்கையும், டிஸ்க் தன் சுகத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் ஏறிக்கொண்டே இருந்தன. இப்படிப்பட்ட டிஸ்க்கில் டிஃப்ராக் போட்டால் என்ன நடக்கும்? ஒவ்வொரு கோப்பையும் வாசித்து வேறு இடத்தில் எழுதும். மணிக்கணக்காகத் தலை அங்குமிங்கும் ஓடும். சாகக் கிடக்கிற டிஸ்க் அந்த ஓட்டத்திலேயே செத்துப்போகும். நான் ஐயாவிடம் டிஃப்ராக் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, லினக்ஸ் சீடி ஒன்றில் துவக்கி டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளால் முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்குப் பிரதி எடுத்தேன். அது நல்ல பகுதிகளை முதலில் வாசித்து எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும். எது எடுத்தாயிற்று, எது மிச்சம் என்று ஒரு கோப்பில் குறித்துவைப்பதால் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். பெரும்பாலான படங்கள் வந்தன. சிலவற்றின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகப் போயிருந்தது. அவருடைய தாயாரின் படம் முழுதாக வந்தது.

சரி, சேர்வர் பக்கம் வருவோம். அங்கே பிரச்சினை வேறு.

ஒரு அலுவலகத்தில் கணக்குகள் எல்லாம் எஸ்.கியூ.எல். சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில். மாத முடிவு அறிக்கை எடுக்க நெடுநேரம் ஆகிறது என்று கூப்பிட்டார்கள். விலை கொடுத்து வாங்கிய டிஃப்ராக் மென்பொருள் ஒன்று இரவிரவாக ஓடிக்கொண்டிருந்தது. அறிக்கை முழுக்கப் பச்சை. ஆனாலும் வேகம் இல்லை. அது பொய் சொல்லவில்லை. டிஸ்க்கில் தரவுத்தளக் கோப்பு ஒரே துண்டாகத்தான் கிடந்தது. சிதறல் அந்தக் கோப்புக்கு உள்ளே இருந்தது. தரவைத் தேடி எடுக்க உதவும் அட்டவணையான இன்டெக்ஸின் பக்கங்கள் ஒழுங்கு மாறிப் பாதி காலியாகக் கிடந்தன. வெளியே நிற்கும் டிஃப்ராக்குக்கு அது தெரியாது. தரவுத்தளத்துக்குள் போய் இன்டெக்ஸை மறுபடி கட்டினால்தான் சரிவரும். அதை வார இறுதி இரவுக்குப் போட்டோம்.

அப்புறம், அந்தக் கோப்பு ஏன் இரவுக்கு இரவு சிதறுகிறது என்று பார்த்தேன். எஸ்.கியூ.எல். சேர்வர் 2014 வரைக்கும் தரவுக் கோப்பு இடம் போதாமல் வளரும்போது ஒரு தடவைக்கு 1 மெகாபைட்தான் வளரும், அதுதான் இயல்பான அமைப்பு. 2016 பதிப்பில்தான் அதை 64 ஆக்கினார்கள். ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் இடையில் வேறு கோப்புகள் வந்து குந்திக்கொண்டால் பிறகு எப்படி ஒன்றாகக் கிடக்கும்? ஒரு வருடத்துக்குப் போதுமான அளவுக்குக் கோப்பை ஒரே தடவையில் பெருப்பித்து வைத்தோம். அதற்குப் பிறகு இரவு டிஃப்ராக்குக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. சிதறியதைச் சேர்ப்பதற்குக் காசு கொடுக்கிற பல அலுவலகங்கள் சிதறாமல் வைக்க ஒரு மணி நேரம் கொடுப்பதில்லை. இது எனக்கு இன்றுவரை மனவருத்தம் தருகிற விஷயம்.

இன்னொரு அலுவலகத்தில் நடந்தது இதைவிடக் கடுமை. கோப்புகளின் பழைய வடிவங்களை வைத்திருக்கும் ஷடோ கொப்பி வசதியை நம்பி இருந்தார்கள். ஒருநாள் எழுதுவினைஞர் ஒருவர் போன மாதத்து அட்டவணையைத் தேடினார். பழைய வடிவம் எதுவுமே இல்லை. யாரும் அழிக்கவில்லை. காரணம் இரவு டிஃப்ராக். ஷடோ கொப்பி மாற்றங்களை 16 கிலோபைட் அளவில்தான் கவனிக்கும். டிஸ்க்கோ வழமையான 4 கிலோபைட் கிளஸ்டரில் (கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகு) ஃபோர்மட் செய்யப்பட்டிருந்தது. அந்தச் சின்ன அளவில் கோப்புகளை நகர்த்தும்போது, உள்ளடக்கமே மாறிவிட்டது என்று அது எண்ணிப் பழையதைச் சேமிக்கத் தொடங்கும். ஒதுக்கிய இடம் நிரம்பியதும் மிகப் பழைய பிரதிகளை ஒவ்வொன்றாகக் கைவிடும். 16 கிலோபைட் அல்லது அதற்கு மேற்பட்ட கிளஸ்டர் வைக்கும்படி மைக்ரோசொஃப்டின் ஆவணங்களே சொல்கின்றன. தரவை வெளியே எடுத்து, 16 இல் ஃபோர்மட் செய்து திரும்பப் போட்டோம். 4 கிலோபைட்டுக்கு மேலே போனால் என்.டி.எஃப்.எஸ். (விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் முறை) சுருக்கம் வேலை செய்யாது என்பதால், சுருக்கி வைத்த அடைவுகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்பில் தரவை வைக்கும் எஸ்.எஸ்.டி. பற்றி அதிகம் சொல்ல இல்லை. சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. அந்த 13 மில்லிசெக்கன் கணக்கே அங்கே செல்லாது. விண்டோஸ் 7 எஸ்.எஸ்.டி.க்குத் தானியங்கி டிஃப்ராக்கை நிறுத்தியது. விண்டோஸ் 8 இல் இருந்து அதே இடத்தில் டிரிம் கட்டளை அனுப்புகிறது, அழித்த இடங்கள் எவை என்று எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லிவிடுவதுதான் அது. ஷடோ கொப்பிக்காகச் சில வேளை விண்டோஸ் தானே எஸ்.எஸ்.டி.யிலும் டிஃப்ராக் செய்வதுண்டு. அதை அதனிடமே விட்டுவிடலாம். கையால் போய் ஓட்டினால் எழுதும் ஆயுள்தான் குறையும். சிவப்பு எச்சரிக்கை காட்டிப் பயமுறுத்தி, எஸ்.எஸ்.டி.க்கும் டிஃப்ராக் விற்கிற மென்பொருள்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கணினி தெரியாத ஒரு வீட்டுக்காரர் அதை நம்பாமல் என்ன செய்வார்?

2022 இல் காலம் மறுபடி திரும்பியது. சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனது. எஸ்.எஸ்.டி. வாங்க நினைத்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அலுமாரிக்குள் கிடந்த பழைய ஹாட் டிஸ்க்குகள் வெளியே வந்தன, டிஃப்ராக்கும் கூடவே வந்தது. அதோடு மின்வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. இடையில் கரண்ட் போனால் கோப்பு போய்விடுமோ என்று எல்லாரும் கேட்டார்கள். என்.டி.எஃப்.எஸ்.ஸில் புது இடத்துக்குப் பிரதி எடுத்த பிறகுதான் பதிவை மாற்றும், நடுவில் நின்றால் பழைய இடத்துப் பதிவே செல்லும். ஆனாலும் சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்குத் திடீரென்று மின் நிற்பது நல்லதில்லை. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, இரண்டு வெட்டுக்கு நடுவில்தான் ஓட்டினோம். ஃபாட் 32 என்ற பழைய முறையில் இருந்த வெளி டிஸ்க்குகளைத் தொடவே இல்லை, பிரதி மட்டும் எடுத்தோம்.

இப்போது கடையில் என்னோடு ஒரு பெடியன் நிற்கிறான். செத்த டிஸ்க் ஒன்றைக் கழற்றித் தட்டையும் கையையும் காட்டிக் கொடுத்தேன். யார் வந்து டிஃப்ராக் கேட்டாலும், முதலில் டிஸ்க் என்ன வகை, எத்தனை மணித்தியாலம் ஓடியது, பழுதான செக்டர் எத்தனை, வெற்றிடம் எவ்வளவு, வேறு கொப்பி இருக்கிறதா என்று அவனே பார்த்து எழுதிவிடுகிறான். டிஃப்ராக் வேண்டாம் என்று முடிந்தாலும் பார்த்ததற்குக் காசு வாங்குகிறோம். “ஒண்டும் செய்யேல்லை, பிறகென்ன காசு?” என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்தத் தாளைக் கொடுத்து, கொப்பி இல்லை என்று எழுதிய வரியை விரலால் காட்டுகிறோம். அனேகமானவர்கள் அடுத்த கிழமை ஒரு வெளி டிஸ்க்கோடு திரும்பி வருகிறார்கள்.