மாடிக் குழாயும் நல்லமிளகுக் கொடியும்: இடவப்பாதி நாட்குறிப்பு

மே 19, தக்கலை

மத்தியானம் மாடித் தொட்டிக்குள் தெர்மாமீட்டரை விட்டேன். 33 டிகிரி. மண்ணில்லாமல், உரம் கரைத்த தண்ணீர் சுற்றிவரும் குழாயில் நிற்கும் லெட்டூஸ் கீரை ஏன் உச்சி வெயிலில் துவண்டு, பொழுது சாய்ந்ததும் நிமிர்கிறது என்பதற்கு இதுவே பதில். வேர் தண்ணீரில்தான் கிடக்கிறது, உறிஞ்சுவதற்கு மூச்சு போதவில்லை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற வேருக்கு ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது. வருமானம் குறைகிற மாதத்தில் கல்யாணச் செலவு வந்தது போல.

தண்ணீரில் கரைந்த உரஉப்பின் அளவைக் காட்டும் ஈசி மீட்டர் 1.8 காட்டியது. வெயிலில் செடி உப்பைவிடத் தண்ணீரைத்தான் கூடுதலாகக் குடிக்கும், மிச்சம் தொட்டியில் கெட்டிப்படும். நல்ல தண்ணீர் விட்டு 1.2-க்கு இறக்கினேன். புளிப்பு-கார அளவான பிஎச் 6, அதில் கை வைக்கவில்லை.

மே 21

தொட்டியை மாடியிலிருந்து இறக்கி, கிணற்றடி நிழலில் கழுத்தளவு புதைத்தாயிற்று. பம்ப் இனி ஒரு மாடி ஏற்ற வேண்டும், கரண்ட் செலவு கூடும். பரவாயில்லை. குழாய்க்கு வெள்ளைப் பெயின்ட், தொட்டிக்குள் மீன்தொட்டிக்காரர்கள் போடும், காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் இரண்டு. திரும்பி வரும் தண்ணீர் ஓர் அடி உயரத்திலிருந்து சளசளவென்று விழும்படி குழாயைத் தூக்கி வைத்தேன். அந்தச் சத்தம் காசில்லாமல் கிடைக்கிற காற்று.

அடுத்த விளை மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். “மக்கா, ராப்பகலா வெள்ளத்துல கெடந்தா வேரு அழுகாதா?” வெள்ளத்தால், அதாவது தண்ணீரால், அழுகாது மாமா, காற்று இல்லாவிட்டால்தான் அழுகும் என்றேன். தலையாட்டினார். நம்பிய மாதிரி தெரியவில்லை.

மே 24

இன்று முழுக்க வேர் பார்க்கும் வேலை. பழுப்பைப் பார்த்ததும் எல்லோரும் அழுகல் என்று பயந்துவிடுகிறார்கள். உரக்கரைசலில் இருக்கும் இரும்பே வெள்ளை வேருக்குச் சாயம் ஏற்றிவிடும். நான் நிறத்தை நம்புவதில்லை, விரலை நம்புகிறேன். வேர் நுனியைப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். மேல்தோல் உறை மாதிரி கழன்று, உள்ளே நூலிழை மட்டும் மிஞ்சினால் அது பித்தியம் என்ற வேரழுகல் கிருமி. கூடவே சாக்கடை வாடையும் வரும். வேர் வழுக்காமல் உறுதியாக இருந்து, வாடையும் இல்லையென்றால் வெறும் கறை.

கடைசிக் குழாயில் மூன்று செடிக்கு உறை கழன்றது. பித்தியத்தின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகும், ஒரே தண்ணீர் சுற்றுகிற அமைப்பில் அடுத்த செடிக்குப் போக அதிக நேரம் பிடிக்காது. அந்தக் குழாயின் செடிகள் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டேன். குழாயைப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வாடை போகும்வரை அலசினேன். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அது சீக்கிரம் சிதைந்துபோகும், நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்லும். சூட்டைக் குறைக்காமல் அதை ஊற்றுவது காசைக் கரைக்கிற வேலை என்பது என் எண்ணம்.

மே 27

மழைக்கு முன்னால் நல்லமிளகுக் கொடிக்குத் துருசு (மயில்துத்தம்) கலவை அடித்தாக வேண்டும். 100 லிட்டருக்குத் துருசு ஒரு கிலோ, நீற்றிய சுண்ணாம்பு ஒரு கிலோ, இரண்டும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில். துருசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. பிறகு தேய்த்த அரிவாளை முக்கிப் பார்த்தோம். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம். ஏறவில்லை, அடித்தோம்.

மிளகுக் கொடியைச் சாய்ப்பது பைட்டோப்தோரா என்ற கிருமி. இதுவும் தண்ணீரில் நீந்துகிற சாதிதான், மாடிக் குழாயில் வந்த பித்தியத்துக்குச் சொந்தக்காரன். ஈரம் தேங்கிய மூட்டில், அதாவது கொடியின் அடியில்தான் இதற்குக் கொண்டாட்டம். அதனால் மருந்தைவிட, மூட்டைச் சுற்றி மண்ணைக் கூட்டித் தண்ணீர் வழிந்தோட விட்டதைத்தான் பெரிய வேலையாக நினைக்கிறேன். நோய்க் கிருமியை அடக்க வேப்பம் பிண்ணாக்கில் கலந்து வைத்திருக்கும் டிரைக்கோடெர்மாவை இப்போது போட முடியாது. அது பூஞ்சைதானே, துருசில் இருக்கும் செம்பு அதையும் விடாது. சில வாரம் போகட்டும்.

மே 30

செடி நடுவதற்கு ஈத்தாமொழிப் பக்கத்திலிருந்து தென்னை நார்த்தூள் இரண்டு சாக்கு வந்தது. உப்புக் காயலில் ஊறிய கதம்பல் (தேங்காய் மட்டை) என்றால் உப்பு நிச்சயம். ஒரு பங்கு தூளுக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி, பிழிந்து ஈசி மீட்டரில் அளந்தால் 2.4. அலசி அலசி 0.5-க்குக் கீழே கொண்டுவந்து, கடைசியாகக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன். தூளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கால்சியம்தான் பிடித்துத் தள்ளும், வெறும் தண்ணீருக்கு அது அசையாது. முதுகு வலி.

ஜூன் 6

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, விடாமல் அடிக்கிறது. காலையில் குடையோடு வாழைக்குப் போனேன். பழைய வயலை நிரப்பி வைத்த ஏத்தன் (நேந்திரன்) வாழை, நடு வாய்க்கால் அடைந்து கணுக்கால் தண்ணீர். வேலி தாண்டினால் கன்னிப்பூ (முதல் போகம்) நெல் அதே தண்ணீரில் ஜோராக நிற்கிறது. நெல்லின் உடம்புக்குள் காற்றறைகள் உண்டு, இலையிலிருந்து வேர்வரை காற்றை இறக்கிக்கொள்ளும். வாழைக்கு அந்த வசதி கம்மி, இரண்டு மூன்று நாள் தேங்கினாலே இலை மஞ்சளித்துவிடும்.

மாமாவும் மண்வெட்டியோடு வந்தார். வாய்க்காலை ஓரடி ஆழப்படுத்தி, வாய்மடையைத் திறந்துவிட்டோம். “அப்போ நெல்லுக்கு ஒன் காத்து மோட்டாரு உள்ளயே இருக்குன்னு சொல்லு” என்றார்.

ஜூன் 15

மழை வந்ததும் தொட்டித் தண்ணீர் 26-ல் நிற்கிறது. புது வேர்கள் வெள்ளையாக இறங்கியிருக்கின்றன, இழுத்துப் பார்த்தேன், கழலவில்லை. கரண்ட் அடிக்கடி போகிறது. மோட்டார் நின்றால் குழாயில் வேர் காயும் என்பதால் பம்பையும் காற்று மோட்டாரையும் இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டேன்.

நல்லமிளகில் ஒரு கொடியின் அடி இலைகளில் கரும்புள்ளி. கிள்ளி எரித்தாயிற்று, மழை வெறித்த நேரம் பார்த்து மூட்டில் மறுபடி துருசுக் கலவை ஊற்ற வேண்டும்.

அடுத்த மார்ச் முதல் மே வரை லெட்டூஸ் கிடையாது என்று முடிவு. அந்த மாதங்களில் குழாயில் வள்ளைக்கீரை. தண்ணீரிலேயே பிறந்து வளர்கிற கொடி, சூடு பெரிதாகப் பாதிக்காது, பொரியலுக்கும் ஆகும். லெட்டூஸை வீட்டில் யாரும் ஆசையாகச் சாப்பிட்டதும் இல்லை.