ஓஷ் போகும் வழியில் ஒரு பீரங்கிக்காரர்

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தெற்கே உள்ள ஓஷ் நகரத்துக்கு ஷேர் டாக்ஸியில் போனால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். 600 கிலோமீட்டரைத் தாண்டிய மலைச்சாலை, நடுவில் 3,000 மீட்டருக்கும் உயரத்தில் இரண்டு கணவாய்கள். முன்சீட் வேண்டுமென்றால் கூடக் காசு என்றார் டிரைவர். கொடுத்தேன்.

தோ-ஆஷூ சுரங்கப்பாதையைக் கடந்து சூசமீர் சமவெளியில் இறங்கியதும் முதல் நிறுத்தம். சாலையோரக் கூடாரத்தில் கிமிஸ், அதாவது புளித்த குதிரைப்பால். கிண்ணத்தை ஒரு கையில் பிடித்தபடி, முந்தின நாள் பிஷ்கெக்கின் வெற்றிச் சதுக்கத்தில் எடுத்த படங்களை டிரைவரிடம் காட்டினேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த 40-ஆவது ஆண்டான 1985-இல் கட்டியது. மூன்று சிவப்புக் கிரானைட் வளைவுகள் மேலே ஒரு வளையத்தைத் தாங்கி நிற்கும். பார்த்தால் கூடாரத்தின் எலும்புக்கூடு மாதிரி. அடியில் அணையா விளக்கும், போருக்குப் போனவனுக்காகக் காத்து நிற்கும் ஒரு பெண் சிலையும். நான் போனபோது ஒரு கல்யாண கோஷ்டி அங்கே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

டிரைவர் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, "ஓஷ்... தாயிர்" என்றார். கையில் புளித்த பால் இருந்ததால் என் காதில் அது 'தயிர்' என்றே விழுந்தது. அப்புறம் போனில் தட்டிக் காட்டினார்: தாயிர் அசானோவ்.

1922-இல் ஓஷ் பக்கம் பிறந்தவர். சோவியத் ராணுவமான செம்படையில் பீரங்கிக் குழுவின் தலைவர். 1943-இல் 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டமும் தங்க நட்சத்திரமும் கிடைத்தபோது வயது இருபத்தொன்று. அசானின் மகன் என்பதால் அசானோவ். நம் ஊர் இனிஷியல் மாதிரிதான், ரஷ்ய வாலோடு.

அந்தப் போர் பீரங்கிக்காரர்களைப் பற்றி முன்பே கொஞ்சம் படித்திருந்தேன். அதிலும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி என்றால் தனி ரகம். 45 மில்லிமீட்டர் பீரங்கியை 'நாற்பத்தைந்து' என்றே செல்லமாகக் கூப்பிடுவார்கள். அரை டன்னுக்கு மேல் எடை, சேற்றில் மாட்டினால் ஆட்களே தள்ள வேண்டும். தடித்த கவசம் போட்ட ஜெர்மன் டாங்கியைத் துளைக்க வேண்டுமானால் அது நெருங்கி வரும்வரை சுடாமல் காத்திருக்க வேண்டும். முதல் குண்டு வெடித்ததுமே இருக்கும் இடம் தெரிந்துவிடும். 1942 ஜூலையில் இந்தப் பிரிவுச் சிப்பாய்களுக்குச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். டாங்கி ஒன்றை அழித்தால் குழுத் தலைவருக்கும் குறி பார்ப்பவருக்கும் 500 ரூபிள், மற்றவர்களுக்கு 200. சிப்பாய்கள் சும்மா இருப்பார்களா? "சம்பளம் ரெண்டு மடங்கு, சாவு மூணு மடங்கு" என்று பழமொழியே கட்டிவிட்டார்கள். "குழல் நீளம், ஆயுள் குறைவு" என்பது இன்னொன்று.

அசானோவ் அந்தக் கணக்கை ஏமாற்றியவர். 2009-இல்தான் இறந்தார்.

பட்டம் வாங்கியவர்களின் கதை இப்படியாவது வாய்க்கு வாய் தங்குகிறது. அன்றைய கிர்கிஸ் சோவியத் குடியரசின் மக்கள்தொகை சுமார் 15 லட்சம். அதில் 3,60,000-க்கும் மேற்பட்டவர்கள் போருக்குப் போனார்கள். இந்த எண் எனக்கு உறைத்தது சதுக்கத்தில் அல்ல, தொக்தோகுல் ஏரியைத் தாண்டி டயர் பஞ்சரான ஒரு சின்ன ஊரில். ஸ்டெப்னி மாட்டும்வரை எதிரே இருந்த நினைவுச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையடித்த சுவர், பதித்த பலகையில் பெயர்கள். சிரிலிக் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும் எனக்கு, ஓரிடத்தில் வேகம் கூடியது. காரணம், ஒரே குடும்பப்பெயர் அடுத்தடுத்து மூன்று வரிகளில் வந்தது. முன்னெழுத்து மட்டும் மாறியது. அண்ணன் தம்பிகளாக இருக்கலாம். பலகையின் கீழ் யாரோ ஆப்பிள் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"பைகே, போகலாமா?" என்று கேட்டேன். பைகே என்றால் அண்ணன். டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியை எடுத்தார். ஊர் எல்லையில் இடுகாடு வந்ததும், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து முகத்தை வழித்து "ஒமின்" (ஆமென்) என்றார். பின்சீட்டில் இருந்த பாட்டியும் அப்படியே செய்தார். எழுபது கிலோமீட்டர் வேகம். என் கை தானாகவே டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்துச் சிரித்த டிரைவர், பாக்கெட்டிலிருந்து குருத் உருண்டை ஒன்றை எடுத்து நீட்டினார். உப்புப் போட்டுக் காயவைத்த தயிர்தான். கல் மாதிரி இருந்தது. ஓஷுக்கு முன்னால் வரும் ஜலாலாபாத் வரை வாயில் கரையவில்லை.