தலைப்பு போடுகிறவர்களை விட்டுவிட்டுப் பயிற்சி நடத்தாதீர்கள்

பெண் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதும்போது வழக்கமான பெண் பிம்பங்களுக்குள் விழாமல் இருப்பது எப்படி என்று செய்தியாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. நாளிதழ் அலுவலகத்தில் அனுமதி சுலபமாகக் கிடைத்தது. சிக்கலெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் முறை போனபோது அறையில் பதினோரு பேர், அத்தனை பேரும் பெண்கள். அறிவியல் செய்தி எழுதுகிற இரண்டு ஆண்களும் வரவில்லை. ‘பெண்கள் சமாச்சாரம்’ என்று பொறுப்பாளர் ஆள் பிரித்து அனுப்பியிருக்கிறார். அன்றைய பயிற்சியை ரத்து செய்துவிட்டுத் திரும்பினேன். யார் யார் வரவேண்டும் என்பதைக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் முறை எல்லோரும் வந்தார்கள். நுண்ணுயிரியல் ஆய்வாளர் ஒருவரை மாதிரிப் பேட்டிக்கு அழைத்திருந்தேன். இருபது நிமிடம் நேரம். “வீட்டையும் ஆய்வகத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்றுதான் பேட்டி ஆரம்பித்தது. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். முடிந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “என் வீட்டுக்கு எட்டு நிமிடம் போனது. பாக்டீரியாவைப் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை” என்றார். நான் தயாரித்து வைத்திருந்த காட்சி விளக்கம் முழுவதையும்விட அந்த ஒரு வரி வேலை செய்தது.

அப்புறம் ஃபிங்க்பைனர் சோதனை. 2013-இல் அமெரிக்க அறிவியல் செய்தியாளர் கிறிஸ்டி அஷ்வாண்டன் வகுத்தது. கணவரின் வேலை, குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், ‘முதல் பெண்’, ‘மற்ற பெண்களுக்கு முன்மாதிரி’ போன்றவை இல்லாமல் கட்டுரை நிற்கிறதா என்று பார்ப்பது. “முதல் பெண் என்பதே செய்தி என்றால்?” என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. அப்போது எழுதலாம், ஆனால் அவர் செய்த வேலைக்குப் பிறகு, ஒரு வரியில். பாகுபாட்டைப் பற்றியே எழுதுகிற கட்டுரைக்கு இந்தச் சோதனை பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதையும் வெட்டிவிடுவார்கள்.

அதே 2013-இல் ராக்கெட் விஞ்ஞானி இவோன் பிரில் என்ற பெண்மணி இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் இரங்கல் கட்டுரை அவருடைய சமையலில்தான் தொடங்கியது. செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தும் உந்துவிசை அமைப்பை உருவாக்கியவர் அவர். வாசகர்கள் கொதித்த பிறகு முதல் வரியை மாற்றினார்கள். அந்தத் தொடக்கத்தில் ஆண் பெயரைப் போட்டு உரக்கப் படிக்கச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் அதே ஆய்வாளரைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. உள்ளே ஒரு குறையும் இல்லை, நல்ல எழுத்து. மேலே தலைப்பு: ‘குடும்பத்தலைவி, விஞ்ஞானி: இரட்டைச் சவாரியில் சாதனைப் பெண்மணி!’ எனக்கு அழுகையே வந்துவிட்டது. 1964-இல் டோரதி ஹாட்ஜ்கின் வேதியியல் நொபேல் பரிசு பெற்றபோது பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்று தலைப்பில் அவரை ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசி ஆக்கியதே, அதே கதை.

தவறு என்னுடையது. தலைப்பு போடுகிற உதவி ஆசிரியர்கள், படம் தேர்ந்தெடுப்பவர்கள், பக்கம் வடிவமைப்பவர்கள் யாரையும் நான் அழைக்கவில்லை. அவர்கள் வேலை மாலையில்தான் தொடங்கும், என் பயிற்சி காலையில். மூன்றாம் முறை மாலை ஐந்து மணிக்குப் போய், அவர்கள் மேசையருகிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பழைய தலைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி எழுதினோம். படங்களையும் பார்த்தோம். ஆண் விஞ்ஞானி கருவியோடு, பெண் விஞ்ஞானி பூச்செண்டோடு. இதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

பத்து நாள் கழித்து இரவு பதினொரு மணிக்கு ஒரு உதவி ஆசிரியர் அழைத்தார்.

“மேடம், அவங்களைப் பற்றி இன்னொரு செய்தி. ‘சாதனைப் பெண்மணி’யை எடுத்துட்டேன். அந்த இடத்தில் என்ன போடறது?”

“அவங்க என்ன கண்டுபிடிச்சாங்க?”

“பாக்டீரியா மருந்தை எப்படி வெளியே தள்ளுதுன்னு.”

“அதையே போடுங்க.”

காலையில் அதுதான் தலைப்பாக இருந்தது.