சேரின் கிணறுகளும் ஸ்டாப்பின் ஆறும்

எங்கள் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னால் எங்கள் வயதுக்காரர் பெரும்பாலும் கிரிக்கெட்டையும் பிரம்படியையும்தான் எழுதுவார்கள். இரண்டும் போதுமான அளவு வந்துவிட்டன. நான் எழுதப்போவது எங்களுக்குப் புவியியல் படிப்பித்த சேரைப் பற்றி. பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உயர்தரம் படித்தவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

கனடா வந்து சில காலத்தின் பின் கல்வியியல் படித்தபோது, சுற்றாடல் கல்வி பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அப்போதுதான் வில்லியம் ஸ்டாப்பை வாசித்தேன். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். சுற்றாடல் கல்விக்கென்றே ஒரு சஞ்சிகை 1969 இல் தொடங்கியது. அந்தக் கல்வி எதற்காக என்பதை அதன் முதல் இதழிலேயே அவரும் கூட இருந்தவர்களும் எழுதினார்கள். தன்னைச் சுற்றியுள்ள இயற்கையையும் அதன் சிக்கல்களையும் அறிந்த, அவற்றைத் தீர்க்கும் வழி தெரிந்த, தீர்க்க வேண்டும் என்ற முனைப்பும் உள்ள குடிமக்களை உருவாக்குவதற்காக. அவ்வளவுதான். பிறகு அவர் யுனெஸ்கோவில் அந்தத் துறையைத் தொடங்கி நடத்தினார். 1975 இல் பெல்கிரேட் பட்டறை, 1977 இல் திபிலீசி மாநாடு என்று உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஆய்வாளர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவது திபிலீசி அறிக்கையைத்தான். அரசுகள் கூடி எழுதியதில் எல்லாமே இருக்கும், எதுவும் மனதில் நிற்காது. எனக்கு அந்த 1969 இன் சில பக்கங்களே போதும்.

அதை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் சேர்தான் நினைவுக்கு வந்தார்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைப்பது எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீரைத்தான். இது பாடப்புத்தகத்தில் இரண்டு வரி. சேர் அந்த இரண்டு வரியோடு ஒரு தவணை முழுக்க நின்றார். அவரவர் வீட்டுக் கிணற்றில் முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கித் தண்ணீர் மட்டத்தை அளந்து வரச் சொன்னார். மாரிக்கு முன் ஒருமுறை, தை பிறந்த பிறகு ஒருமுறை. அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவர வேண்டும். குடித்துப் பார்த்து நல்ல தண்ணியா, உப்புச் சவரா என்று வகுப்பே தீர்ப்புச் சொல்லும். ஊரெழு, கோண்டாவில் பிள்ளைகளின் போத்தல்கள் உடனே காலியாகும். கடலோரக் குருநகர், நாவாந்துறைப் போத்தல்களை யாரும் இரண்டாம் தரம் தொடமாட்டார்கள். அந்தப் பெடியள் கோபிப்பார்கள். “கோபிக்காதை தம்பி, உன்ரை போத்தல்தான் இண்டைக்குப் பாடம்” என்பார் சேர்.

அளந்ததையெல்லாம் ஒரு கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் குறித்தார். போரால் கடதாசிக்கே தட்டுப்பாடான காலம். ஊர்ப் படம் கையில் வைத்திருப்பதும் அவ்வளவு பத்திரமில்லை. அதனால் அளவுத்திட்டம் இல்லாத, அவருக்கும் எங்களுக்கும் மட்டுமே விளங்கும் படம் அது. கறிச்சட்டியில் எண்ணெய் மிதப்பதுபோல, கடல்நீரின் மேல் நன்னீர் மிதக்கிறது என்று அதைக் காட்டித்தான் விளங்கப்படுத்தினார். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்தால், நாளடைவில் கீழே உவர் நாற்பது அடி ஏறிவரும். கணக்கு எனக்குப் பிடிக்காத பாடம், இந்தக் கணக்கு மட்டும் மறக்கவில்லை.

நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்ற கதையை ஒருவன் சொல்ல, நாங்கள் சிரித்தோம். சேர் சிரிக்கவில்லை. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்து உள்ளே வழிகள் உண்டாக்கும், அதனால் ஒருவன் வளவின் மலசலகூடக் குழி அடுத்தவன் கிணற்றுக்கும் சொந்தம் என்றார். தேசிக்காய்க் கதையிலிருந்து அங்கே போய் நிற்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அது மண்ணெண்ணெய்க்கும் உரத்துக்கும் தடை இருந்த காலம். தோட்டங்களில் பல பம்புகள் ஓய்ந்திருந்தன. தோட்டக்காரர் பட்ட பாடு எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஆனாலும் சேர் ஒருநாள் சொன்னார்: “கிணறுகளுக்கு இப்ப ஓய்வு. தடை எடுபட்ட பிறகுதான் உங்கடை சோதனை.” அந்தப் பேச்சு அப்போது சிலருக்குப் பிடிக்கவில்லை. என் அப்பாவுக்கும்தான்.

1984 இல் ஸ்டாப்பின் ஊர்ப்பக்கம், ஹியூரன் ஆற்றில் பாய்ப்பலகை ஓட்டிய பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு ஈரல் அழற்சி வந்தது. ஸ்டாப் தன் மாணவர்களோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிள்ளைகளே ஆற்று நீரைச் சோதித்து, முடிவை நகர நிர்வாகத்திடம் கொண்டுபோனார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் பல நாட்டுப் பள்ளிக்கூடங்களை ஆறுகள் வழியாக இணைத்த வலையமைப்பு. இதை வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அளப்பதில் நாங்கள் குறைந்தவர்கள் இல்லை. கொண்டுபோய்க் கொடுக்க எங்களுக்கு ஒரு மாநகரசபை வாசல் இல்லை. ஸ்டாப் சொன்ன மூன்றில் முதலாவதைச் சேர் தந்தார், மூன்றாவதையும் தந்தார். நடுவில் உள்ள, தீர்க்கும் வழிக்குத்தான் ஊரில் இடமிருக்கவில்லை.

சேர் சொன்ன சோதனை வந்தது. உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நிலத்தடி நீரில் கலப்பது நைத்திரேற்று. அது குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 இல் தீர்ப்பு வந்தது. இப்போது கொடுக்க வாசல்கள் இருக்கின்றன. அளக்கிற பிள்ளைகள்தான் இல்லை. போன தடவை ஊருக்குப் போனபோது ஒரு மாணவியிடம் கேட்டேன். நிலத்தடி நீர் மாசடையும் காரணங்களை மூச்சுவிடாமல் ஒப்புவித்தாள். அவள் வீட்டுக் கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்டதற்கு, “குழாய்த் தண்ணிதான் அங்கிள்” என்றாள்.

சங்கம் விளையாட்டரங்குக்குக் காசு சேர்க்கிறது, சேர்க்கட்டும், நானும் தருகிறேன். அதோடு நைத்திரேற்றுச் சோதனைத் தாள்களும் உப்புத்தன்மை அளக்கும் கருவிகள் கொஞ்சமும் வாங்கி அனுப்புவோம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். அரங்கத்தின் ஒரு தூணுக்கு ஆகும் செலவுகூட வராது. கயிறு அங்கேயே வாங்கலாம்.