தகவல் பாதுகாப்பு ஆடிட்டும் ஒரே பேனாவில் எழுதிய லாக்புக்கும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆடிட் புதிதல்ல. கழிவுநீர் சுத்திகரிப்பு, கெமிக்கல் ஸ்டாக், ஓவர்டைம் கணக்கு என்று யாராவது வந்து நோட்டைப் புரட்டிவிட்டுப் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். மீட்டர் ரீடிங் நோட்டில் ஒரு மாதப் பதிவும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால், அது நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது என்று வந்தவருக்குப் பார்த்தவுடன் தெரியும். வெளிநாட்டு பையர்கள், அதாவது நம் சரக்கை வாங்குபவர்கள், அனுப்பும் தகவல் பாதுகாப்புக் கேள்வித்தாளும் அதே ரகம்தான். வெளியிலிருந்து வரும் தாக்குதலை நெட்வொர்க் வாசலில் தடுக்கும் ஃபயர்வாலை வாங்கிய பில்லைக் காட்டினால் வேலை முடியாது. அதை யார், எந்தத் தேதியில் பார்த்தார், பார்த்து என்ன செய்தார் என்று கேட்பார்கள்.

எது சட்டம், எது பையர் கேட்பது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரச்சான்றான ஐ.எஸ்.ஓ. 27001 சட்டம் அல்ல, ஆர்டர் வேண்டுமென்றால் எடுப்பது. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவு அப்படியல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 70பி பிரிவின் கீழ் வந்தது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு சாஃப்ட்வேரில் எடிட் லாக், அதாவது எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற தடம், இருக்க வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். வருஷம் முழுக்க ஓடியதா என்று சி.ஏ. தன் அறிக்கையிலேயே எழுதியாக வேண்டும். மார்ச் கடைசியில் ஆன் செய்தால் அதுவும் அந்த அறிக்கையில் ஏறிவிடும்.

செர்ட்-இன் உத்தரவில் பலரும் சறுக்கும் இடம், 180 நாள் லாக்: யார் எப்போது உள்ளே வந்தார், என்ன நடந்தது என்று மெஷின்கள் தாமே எழுதும் பதிவை அத்தனை நாள் வைத்திருக்க வேண்டும். விண்டோஸ் சர்வரில் செக்யூரிட்டி லாக்கின் அளவு, யாரும் மாற்றாவிட்டால், பெரும்பாலும் வெறும் 20 எம்.பி.தான். நிறைந்ததும் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். ஐம்பது அறுபது பேர் லாகின் ஆகிற சர்வரில் இது ஒரு நாள்கூடத் தாங்காமல் போகலாம். ஆறு மாத லாக் கேட்கிறபோது கையில் இருப்பது நேற்று மத்தியானத்திலிருந்துதான். ஹார்ட் டிஸ்க் இல்லாத சின்ன ஃபயர்வால்கள் லாக்கை மெமரியில் வைப்பவை; கரண்ட் போய் வந்தால் காலி. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: எல்லாவற்றையும் தனியாக ஒரு மெஷினுக்கு அனுப்பிச் சேர்த்து வையுங்கள். ஒரு வாரம் ஓடவிட்டு, சராசரியாக நாளொன்றுக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 2 ஜி.பி. வந்தால் 180 நாளுக்கு 360 ஜி.பி. அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு டிஸ்க் வாங்கினால் போதும்.

அதே உத்தரவு கேட்கிற இன்னொன்று, எல்லா மெஷினிலும் ஒரே நேரம்; கடிகாரத்தையும் கவனியுங்கள். கேட் கேமரா 7 நிமிஷம் முன்னால், பயோமெட்ரிக் 4 நிமிஷம் பின்னால் ஓடினால், ராத்திரி சர்வர் அறைக்குள் போனவர்தான் ஃபைலை காப்பி எடுத்தாரா என்று கோர்த்துப் பார்க்க முடியாது. ஒரு சர்வர் என்.ஐ.சி. (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்.பி.எல். (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரிலிருந்து நேரம் எடுக்கட்டும், மற்றதெல்லாம் அதனிடமிருந்து எடுக்கட்டும்.

ஹேக்கிங் மாதிரியான சம்பவத்தை செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க 6 மணி நேரம் என்பது, விசாரித்து முடித்த பிறகு அல்ல, கண்ணில் பட்டதிலிருந்து ஓடும் கணக்கு. தெரிந்த அளவுக்கு எழுதி அனுப்பலாம், மீதியைப் பிறகு சேர்க்கலாம். விடுமுறை நாளில் அந்த மெயிலை அனுப்பப் போவது யார் என்று இப்போதே பெயர் எழுதி வையுங்கள். பேங்க் கணக்கு மாறிவிட்டதாகப் போலி மெயில் வந்து பணம் போயிருந்தால், முதல் போன் உங்கள் பேங்குக்கும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும்.

ஆடிட்டர் சாம்பிள் எடுக்கும் விதம் தெரிந்தால் பாதி பயம் போகும். கடந்த ஆறு மாதத்தில் வேலையை விட்டவர்கள் பட்டியலை எச்.ஆரிடம் வாங்குவார். அதில் ஐந்தாறு பேரைத் தொட்டு, ரிலீவ் ஆன தேதி என்ன, மெயில், டேலி, வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் வி.பி.என். மூன்றும் மூடிய தேதி என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பார். ஒருவருக்கு 40 நாள் இடைவெளி தெரிந்தால் முழுப் பட்டியலையும் திறக்கச் சொல்வார். அதைவிட மோசம், ஆர்டர்களைக் கவனிக்கும் நான்கு மெர்ச்சன்டைசர்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொது லாகின் ஐ.டி. பாஸ்வேர்டை மாற்றினால் மூன்று பேருக்கு வேலை நிற்கும் என்பதால் அதை யாருமே மாற்றுவதில்லை.

பேக்கப்பிலும் இதே கதைதான். சர்வரில் எப்போதும் செருகியே இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை பேக்கப் என்று காட்டாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு பழைய இன்வாய்ஸ் ஃபோல்டரை வேறு மெஷினில் மீட்டுப் பாருங்கள். எத்தனை நிமிஷம் ஆனது, திறந்ததா, யார் செய்தார், ஒரு ஸ்கிரீன்ஷாட். அரைப் பக்கம் போதும்.

தையல் பிரிவில் வேலை செய்யும் பெண்களின் ஆதார் ஜெராக்ஸும் பாஸ்புக் படமும் சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்பில் கிடப்பதைப் பெரும்பாலானோர் தகவல் பாதுகாப்போடு சேர்த்தே நினைப்பதில்லை. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன; முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி வரை போகலாம். சம்பளக் கணக்கை வேலூரில் ஒரு கன்சல்டன்ட் பார்த்தாலும், பொறுப்பு உங்கள் தலையில்தான்.

ஐ.எஸ்.ஓ. எடுப்பவர்களுக்கு: 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள், அதாவது பாதுகாப்பு ஏற்பாடுகள். எல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. பொருந்தாததை ஏன் விட்டீர்கள் என்று காரணம் எழுத வேண்டும். சான்றிதழ் ஆடிட்டின் ஸ்டேஜ் 1-ல் காகிதம், ஸ்டேஜ் 2-ல் நடைமுறை, பிறகு வருஷா வருஷம் ஒரு பார்வை, மூன்று வருஷத்தில் புதுப்பித்தல். இன்டர்னல் ஆடிட்டும் மேனேஜ்மென்ட் ரிவியூவும் நடக்காமல் ஸ்டேஜ் 2-க்குப் போகாதீர்கள். சர்டிஃபிகேட் எந்த இடத்துக்கு, எந்த வேலைக்குப் பொருந்தும் என்று சொல்லும் ஸ்கோப் வரியைப் படியுங்கள்: அதில் சென்னை ஆபீஸ் மட்டும் இருந்து, டிசைன் ஃபைல்கள் பேர்ணாம்பட்டு யூனிட்டில் இருந்தால் பையர் ஏற்க மாட்டார். விலைக்கு வாங்கிய பாலிசியில் பெயரை மட்டும் மாற்றுவதும் வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஒரே ஒரு ரேக் வைத்திருக்கிற ஷூ கம்பெனியின் பாலிசியில் ‘டேட்டா சென்டர் பார்வையாளர் எஸ்கார்ட் நடைமுறை’ என்று இருந்தால், ஆடிட்டர் அந்த எஸ்கார்ட் ரிஜிஸ்டரைத்தான் முதலில் கேட்பார்.

குறை எழுதிவிட்டால் சண்டை போட வேண்டாம். மூல காரணம் என்ற கட்டத்தில் ‘ஐ.டி. ஆள் மறந்துவிட்டார்’ என்று எழுதினால் திரும்பி வரும். ரிலீவிங் ஃபார்மில் ஸ்டோர்ஸ், கேன்டீன், அக்கவுன்ட்ஸ் கையெழுத்துக்கு இடம் இருந்தது, ஐ.டி.க்கு இல்லை, இப்போது அந்தக் கட்டம் சேர்த்தாயிற்று, புது ஃபார்ம் இன்ன தேதி முதல் என்று எழுதி, அதில் ரிலீவ் ஆன முதல் இருவரின் ஃபார்மையும் இணைத்து அனுப்புங்கள்.