திருக்கை முள்ளும் வெந்நீர் வாளியும்

2006-ல் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டபோது மன்னாரிலிருந்து படகேறி வந்த குடும்பம் எங்களுடையது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே 30 கிலோமீட்டர் சொச்சம்தான் கடல், ஆனாலும் மண்டபம் அகதிகள் முகாமுக்கு வந்த பிறகு பதிவு, வருகைக் கணக்கு, வெளியூர் போக அனுமதி என்று எதற்கெடுத்தாலும் ஒரு தாளை நீட்ட வேண்டியிருந்தது. நர்சிங் படித்தேன். குடியுரிமை இல்லாமல் அரசு வேலை கிடையாது, அதனால் பாம்பன் பக்கம் ஒரு சின்ன தனியார் கிளினிக். சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சேர்ந்த புதிதில் காய்ச்சல், ஊசி, சீட்டு என்று சலிப்பாகத்தான் இருந்தது. வேலை பிடிக்க ஆரம்பித்தது கடலுக்குப் போகிறவர்களின் காயங்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான். திருக்கை முள் குத்தினால் ஆறடி ஆளும் அழுதுவிடுவார், அவ்வளவு வலி. அதற்கு முதல் வைத்தியம் வெந்நீர்: 45 டிகிரி போல, தாங்கக்கூடிய சூட்டில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருக்க வேண்டும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் முதலில் நல்ல காலை விட்டுப் பார்க்கச் சொல்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் கொஞ்ச நேரத்தில் "ஒரு டீ கிடைக்குமா சிஸ்டர்" என்று கேட்பார் பாருங்கள், அன்றைக்கு எனக்கு வேறொன்றும் வேண்டாம். அப்புறம் உள்ளே முள் துண்டு தங்கியிருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார், டெட்டனஸ் ஊசி போடுவோம்.

பாசி எடுக்கும் அக்காக்கள் வேறு ரகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தீவுப் பக்கம் போய், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிறார்கள், விரலெல்லாம் கீறல். சர்க்கரை இருந்தால் கடல் தண்ணீர் பட்ட புண் சீக்கிரம் முற்றிவிடும், காலில் வெட்டுப்பட்டது கூடச் சில பேருக்குத் தெரியாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதுதான் ஆம்பளைகள் சர்க்கரை, பிரஷர் பார்க்க நிதானமாக வருவார்கள், வலை பின்னுகிற கதையெல்லாம் எங்கள் பெஞ்சில்தான்.

ஒரு நாள் பாசிக்காரப் பாட்டி ஒருவர் கட்டுப் போடும்போது, "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்றார். மன்னார் என்றேன். "அட, எங்கப்பா தனுஷ்கோடியில கப்பலேறி தலைமன்னாருக்கு யாவாரத்துக்குப் போய் வந்தவராச்சே!" 1964 புயலோடு நின்றுபோன கப்பல் போக்குவரத்து அது. முகாம் அலுவலகத்தில் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. மறுவாரம் கட்டுப் பிரிக்க வந்தவர், கையோடு ஒரு பை சூடைமீன் கொண்டுவந்தார். வாங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வாங்கிக்கொண்டேன்.

கையுறை போடச் சொன்னால் மட்டும் கேட்கவே மாட்டேன் என்கிறார், பாசி கைக்குப் பிடிபடாதாம். சரி, வெட்டுப்பட்டால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.