ஷாஃப்ட் தேய்க்க எந்த மாண்ட்ரல்?

பூல் விளையாட்டின் கியூ கோல் பெரும்பாலும் இரண்டு பாதிகளாகவே செய்யப்படுகிறது. கையில் பிடிக்கும் தடித்த பின்பாதியான பட்டின் (butt) முனையில் ஒரு திருகு நீட்டிக்கொண்டிருக்கும். பந்தை அடிக்கும் மெல்லிய முன்பாதியான ஷாஃப்ட் அந்தத் திருகின் மேல் ஏறி அமரும். ஷாஃப்டை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) சுழலவிட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டுமென்றால், அதன் அடிமுனையை நேரடியாகச் சக் எனப்படும் பிடிப்பானின் தாடைகளுக்குள் கொடுப்பது சரிவராது. தாடைகள் மரத்தில் தழும்பு போடும் என்பது சிறிய காரணம். பட்டோடு எந்த அச்சில் இணையப்போகிறதோ, தேய்க்கும்போதும் அதே அச்சில்தான் அது சுழல வேண்டும் என்பதே பெரிய காரணம். அதற்காகப் பட்டின் திருகைப் போலவே மரை வெட்டிய ஒரு குட்டைத் தண்டை லேத்தில் பிடித்து, அதன்மேல் ஷாஃப்டை ஏற்றுகிறோம். அதுவே மாண்ட்ரல். பட்டைத் தேய்ப்பதற்கு, உட்புறம் மரை வெட்டிய இன்னொரு வகை உண்டு. இங்கே நான் பேசுவது ஷாஃப்டுக்கானதைப் பற்றி.

வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது மரையின் அளவை. அது நியாயமே, ஏனெனில் கியூ கோல்களுக்கென்று ஒரே அளவு கிடையாது. 5/16 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 18 மரை கொண்டது, அதே விட்டத்தில் 14 மரை கொண்டது, 3/8 அங்குலத்தில் 10 மரை, 3/8 அங்குலத்தில் 11 மரை, இவை தவிர மரையின் பள்ளமும் மேடும் வளைவாக அமைந்த ரேடியல் திருகு என்று பல வகைகள் புழக்கத்தில் உள்ளன. இவற்றில் 5/16-18 மட்டும் நம் ஊர் இரும்புக் கடைகளில் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரைத் தரம்) வடிவில் எளிதாகக் கிடைக்கும் அளவுதான் என்று தோன்றும். விட்டமும் மரை எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தாலும், விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. கியூ கோலில் இருக்கும் அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. சேர்த்துத் திருகினால் ஏறிவிடும். ஏறியது சரியாகப் பொருந்தியதாக ஆகாது.

ஆனால் மரை பொருந்திவிட்டதாலேயே மாண்ட்ரல் நல்லதாகிவிடுவதில்லை. திருகுக்கும் அதை ஏற்கும் துளைக்கும் இடையே, இறுக்கமான இணைப்புகளில்கூட, சிறு இடைவெளி இருந்தே தீரும். இறுகியபின் ஷாஃப்டின் திசையைத் தீர்மானிப்பது மரையன்று. மாண்ட்ரலின் தோள்முகமும் (மரையின் அடியில் தண்டு தடிக்கும் இடம் தோள், அதன் தட்டையான முகமே தோள்முகம்) ஷாஃப்டின் அடிமுகமும் ஒன்றையொன்று தொடும் அந்தத் தட்டையான வளையமே. இணைப்பிடத்தின் விட்டம் ஏறத்தாழ 21 மி.மீ, ஷாஃப்டின் நீளம் பொதுவாக 29 அங்குலம், அதாவது சுமார் 737 மி.மீ. தோள்முகத்தின் ஒரு விளிம்பு மறு விளிம்பைவிட 0.05 மி.மீ உயர்ந்திருந்தால், அந்தப் பிழை மறுமுனையில் 35 மடங்காகப் பெருகி, நுனி 1.75 மி.மீ விலகி நிற்கும். லேத்தின் மறுமுனைத் தாங்கியான டெயில்ஸ்டாக்கில் உள்ள லைவ் சென்டர் (கூடவே சுழலும் கூர்முனை) ஷாஃப்டின் நுனியை மையத்துக்கு இழுத்துப் பிடித்துவிடுவதால் இந்த விலகல் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் ஷாஃப்ட் சற்றே வளைந்த நிலையிலேயே சுழல்கிறது. தேய்த்து முடித்துக் கழற்றிப் பட்டில் பூட்டும்போது இணைப்பில் ஒரு பக்கம் படி தட்டும்.

ஆகவே, ஒரு மாண்ட்ரல் கைக்கு வந்ததும் ஷாஃப்டை ஏற்றுவதற்கு முன் அதை மட்டும் லேத்தில் பிடித்து, டயல் கேஜின் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) முள்ளை முதலில் தோளின் பக்கவாட்டிலும் பிறகு தோள்முகத்திலும் வைத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் முள் அசையாதிருந்து, ஷாஃப்டை ஏற்றியபின் நுனி ஆடுமானால், குற்றம் ஷாஃப்டின் அடிமுகத்திலோ மரத்தின் வளைவிலோ இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். மூன்று தாடைச் சக்கில் இந்தச் சோதனையைச் செய்தால் சக்கின் பிழையும் மாண்ட்ரலின் பிழையும் கலந்துவிடும். தண்டைச் சுற்றிலும் சமமாக இறுக்கும் பிளவுக் குழாயான காலெட்டில் பிடிப்பதையே நான் விரும்புகிறேன்.

தோளின் விட்டத்தில் உண்மையான இக்கட்டு ஒன்று உண்டு. ஷாஃப்டைவிடத் தோள் மிகவும் சிறியதாக இருந்தால், உப்புத்தாள் விளிம்பைத் தாண்டி வழியும்போது இணைப்பின் கூர்மையான ஓரத்தை உருட்டிவிடும். பட்டோடு சேர்த்தபின் அங்கே ஒரு கோடு பள்ளமாகத் தெரியும். தோள் ஷாஃப்டுக்குச் சமமாக இருந்தால் தாளுக்கு நல்ல தாங்கல் கிடைக்கும். ஆனால் தாள் உலோகத்தையும் சேர்த்துத் தேய்க்கும், அந்தத் துகள் வெளிறிய மேப்பிள் மரத்தில் சாம்பல் நிறமாய் ஏறும். இதில் அலுமினியமே மிக மோசம். ஆரம்பக் கடினத் தேய்ப்புக்குச் சற்றுச் சிறிய தோளுடைய எஃகு மாண்ட்ரலும், 400, 600 எண் தாள்களுக்கு வரும்போது ஷாஃப்டின் விட்டத்திலேயே டெல்ரின் (ஒரு வகைக் கடினப் பிளாஸ்டிக்) வளையம் பூட்டிய இன்னொன்றும் என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம். வளையம் தேய்ந்தால் மாற்றிவிடலாம். முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆன மாண்ட்ரலை நான் நம்புவதில்லை, இறுக்கும்போது முகம் அமுங்கிக் கொடுக்கும். வார்னிஷ் பூசியபின் தண்ணீர் விட்டுத் தேய்ப்பவர்கள் சாதாரண எஃகைத் தவிர்த்துப் பித்தளையையோ துருப்பிடிக்காத எஃகையோ எடுக்கலாம்.

சுழலும் திசையும் கவனத்துக்குரியது. வலதுகை மரையுள்ள மாண்ட்ரலில், லேத் முன்னோக்கிச் சுழலும்போது தாளின் இழுவை ஷாஃப்டை மேலும் இறுக்கும். படுத்துக் கிடக்கும் இழைகளை எழுப்புவதற்காகத் திசையை மாற்றிச் சுழலவிட்டால், அதே இழுவை அதைக் கழற்றப் பார்க்கும். லைவ் சென்டரின் அழுத்தம் போதுமான அளவு இருந்தால்தான் இணைப்பு விலகாமல் நிற்கும். முன்னோக்கித் தேய்த்ததில் அளவுக்கு மீறி இறுகிப்போன ஷாஃப்டைக் கழற்ற, மாண்ட்ரலின் உடலில் சாவி பிடிப்பதற்கு இரண்டு தட்டைப் பக்கங்கள் இருப்பது பெரிய வசதி. விற்பனைக்கு வருபவை எல்லாவற்றிலும் இது இருக்காது, கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

சொந்த லேத்தில் மரை வெட்டத் தெரிந்தவருக்கு நான் சொல்வது, செய்துகொள்ளுங்கள் என்பதே. தண்டைக் கழற்றாமல் ஒரே பிடிப்பில் தோளையும் முகத்தையும் கடைந்து மரையையும் வெட்டினால், மூன்றும் ஒரே அச்சில் அமையும். சக்கில் செய்திருந்தால் முதல் தாடைக்கு நேராகத் தண்டில் ஒரு குறி போட்டுவைத்து, ஒவ்வொரு முறையும் அதே நிலையில் பூட்டலாம். 5/16 அங்குலத் திருகுகளுக்கும் 3/8 அங்குலத் திருகுகளுக்கும் இது போதும். ரேடியல் திருகுக்கு மட்டும் அதன் வளைந்த மரை வடிவுக்கென்றே தீட்டிய வெட்டுளி வேண்டும் என்பதால், அதற்கான மாண்ட்ரலை விலைக்கு வாங்கி, தோள்முகத்தை மட்டும் சொந்த லேத்தில் மெல்லியதாக ஒருமுறை சீவிக்கொள்கிறேன்.